காலமும் முனைப்பும்

திருச்செங்கோட்டு மலையடிவாரத்தில் நின்று நோக்குவார்க்கு அம்மையப்பர் திருக்கோயில் அணித்தே தோன்றும். படிகளோ சற்றேறக்குறைய 1200. “ஒரு நாழிகையில் ஏறிவிடுவேன்” என்பார் ஒருவர். அவரையே, “பிறரொருவர் ஏறுதற்கு எவ்வளவு ஆகும்?” என வினவின், “இரண்டு நாழிகை” என்பார். மலை ஒன்று, படி ஒன்று, அளவு இரண்டாயது என்னை?

உயிர் வினைசெய்தற்குக் கலை செயலாற்றலையும், வித்தை அறிவையும், அராகம் இச்சையையும் எழுப்பும். காலம் எல்லை செய்யும். நியதி வினைப்பயனை அவரவர்க்கே வரையறுக்கும் என்பது சித்தாந்தத் துணிபு. நாள் கணிப்போன் இவற்றுள் தன் இச்சையொன்றனையே நோக்கிக் காலத்தையும் நியதியையும் மறக்கின்றான். “யான் செய்வேன்” என்னும் முனைப்பே அம்மறதிக்கு வித்து. பிறர் செயலை அளக்குங்கால் அம்முனைப்பு இன்மையின் அளவு மெய்யை அணுகுகின்றது.

இஃது உலகியலினும் காணப்படும். 1994இல் வெளிவந்த உளநூலாராய்ச்சி ஒன்றில், மாணவர் சிலர் தம் ஆய்வேட்டை முடிக்கச் சராசரி 34 நாள் வேண்டுமென்றனர். எல்லா இடையூறும் நேரினும் 49 நாள் என்றனர். முடிந்ததோ 55 நாட்களுக்கு மேல். இடையூற்றை எண்ணிய பொழுதும் முனைப்பு அடங்கிற்றில்லை. நம் சேலத்து இரும்பாலைக்கு 1970இல் அடிக்கல் நாட்டப்பெற்றது. ஆலை இயங்கத் தொடங்கியது 1981இல். அடிக்கல் நாட்டிய அன்றே ஆலை எழுந்தாற்போல் உள்ளம் களித்தல் மக்கட்கியல்பு; இடைக்கிடந்த 11 ஆண்டுகளை அக்களிப்பு காணாது.

அற்றேல், “எல்லாம் அவன் செயல்” என்று நாள் குறியாதிருத்தல் தகுமோ எனின், தகாது. அது மடிமைக்குத் திருவருளின் பெயரிடுதலாம். நாள் குறித்தல் வேண்டும். முனைப்பால் குறித்தல் ஆகாது.

திருப்பணி செய்வார் இதனைச் சிறப்பாக உணர்தல் வேண்டும். குடமுழுக்கு நாளை ஆர்வத்தால் முந்தக் குறித்து அழைப்பிதழும் அச்சிட்டுவிடின், சுதை உலருமுன்னே வண்ணம் தீட்டப்படும். அது விரைவில் உதிரும். சிற்பியர் இரவும் பகலும் உழைத்து மேனி தளர்வர். பழியும் அவர் தலையிலேயே விழும். குறித்தவர் முனைப்புக்குக் கூலியாட்கள் வருந்துதல் சிவபுண்ணியமாமோ?

ஆதலின், நாள் குறிக்குமுன் முந்தைய திருப்பணி எத்தனைத் திங்கள் கொண்டது எனக் கோயிற் கணக்கேட்டில் காண்க. அயலூர்த் திருப்பணியாளரை வினவுக. ஸ்தபதியின் சொல்லைத் தடையின்றிக் கேட்க. இவற்றின்பின் குறிக்கும் நாள் நம் விருப்பத்தினும் சேய்த்தாயின், அச்சேய்மையை ஏற்றலே இறைபணி நிற்றற்கு முதற்படி என்பது எமது துணிபு.

திருச்சிற்றம்பலம்.