பிரமாதம் இல்லாத அடுக்களை



சமையல் நன்றாயிருந்தால் 'பிரமாதம்' என்று பாராட்டுகிறோம். நம் ஆகமங்களிலோ அச்சொல்லுக்குப் பொருள் விழிப்பின்மை, அசட்டை. உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சைக்கு இலக்கணம் வகுக்கையில், பிரமாதத்தோடு கூடி உயிருக்கு ஊறு செய்தலையே இம்சை என்றார். கெடுக்கும் எண்ணம் இருந்ததில்லை என்று கூறி நாம் நீங்கிவிட இயலாது.

2020 மார்ச் 25-இல் நாடு முழுதும் ஊரடங்கு தொடங்கியபின், வருவாய் இழந்த குடும்பங்கள் பல வீட்டிலேயே இட்டிலி மாவும் ஊறுகாயும் மதியச் சோறும் ஆக்கி விற்றுப் பிழைத்தன. அங்கே சமைப்பவரும் பொட்டலம் கட்டுபவரும் காசு வாங்குபவரும் ஒருவரே. காசு வாங்கிய கை மீண்டும் மாவில் படுமுன் சோப்பிட்டு 20 வினாடி தேய்த்துக் கழுவப்பட வேண்டும். கொரோனா நச்சுயிரியின் கொழுப்புறையைச் சோப்பு சிதைத்துவிடும். அந்நோய் பெரும்பாலும் மூச்சின் வழியே பரவிற்று. உண்ட சோற்றால் பரவியதற்குச் சான்று கிட்டவில்லை. ஆதலின் பொட்டலத்தின்மேல் மருந்து தெளித்ததைக் காட்டிலும், முகக்கவசமும் வாயிலில் விட்ட இடைவெளியுமே மிகுதியும் காத்தன. (தெளித்த மருந்து உணவில் இறங்கினால் அது வேறொரு தீங்கு.)

அரைத்த உலர்மாவுக்கு மழைக்காலத்தில் 3 நாள், கோடையில் 5, குளிர்காலத்தில் 7 என எல்லை வகுத்தது திகம்பர மரபு. பொட்டலத்தில் தேதி எழுதுவது நமக்குப் புதிதன்று.

கடினமானது காய்ச்சல் கண்ட நாள். நோயுற்றவர் உணவைக் கையாளலாகாது என்கிறது 2011-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளின் நான்காம் அட்டவணை. பெரிய விடுதியில் வேறொருவர் கரண்டி பிடிப்பார். ஓர் அம்மையார் தனியே நடத்தும் அடுப்பில் யார் பிடிப்பார்? அடுப்பு அணைந்தால் அன்றைய வருவாயும் அணைந்தது. எனவே இருமலை மறைத்து உலை வைக்கிறார்.

இதை அவர் குற்றம் என்று மட்டும் சொல்ல நமக்கு மனம் ஒப்பவில்லை. அகிம்சை அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களுள் அளவுமீறிச் சுமையேற்றுதல் ஒன்று. உணவைத் தடுத்தல் மற்றொன்று. 'இன்று சோறு இல்லையா? இனி வேறிடம் பார்த்துக்கொள்கிறோம்' என்னும்போது அவ்விரண்டின் நிழலும் நம்மேல் விழுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5-இல் கொரோனா அவசரநிலை முடிந்ததென அறிவித்தது, காய்ச்சல் முடிந்துவிடவில்லை. மாதக் கணக்கில் உணவு வாங்கும் நம் இல்லங்கள், அவர் நோயுற்ற நாள்களின் தொகையைக் கழிக்காமல் கொடுக்கலாம். அந்நாள்களில் நம் உலையில் அவர் வீட்டுக்கும் சேர்த்து அரிசி களையலாம்.