தீர்ப்புக்கு முந்திய அன்பு

ஒருவரைத் தெரிந்துகொள்வதற்கு முன்பே அவரைப் பற்றி முடிவு கட்டாமல் இருப்பது குழந்தைக்கு இயல்பு. வளர்ந்தவருக்கு அது பழகிப் பெறவேண்டிய பண்பு. அது தனிமனிதரின் நெஞ்சோடு நின்றுவிடுவதில்லை. ஓர் ஊர் யாரை உள்ளே சேர்க்கிறது, யாரை வெளியே தள்ளுகிறது என்பதிலும் அது வெளிப்படும். இத்தாலியின் பலெர்மோ நகரத்தில் ஒரேத்தோ ஆற்றங்கரை இதற்குச் சான்றாக இருக்கிறது.

ஒரேத்தோ ஏறக்குறைய 20 கிலோமீட்டர் நீளமுள்ள சிற்றாறு. பழைய நகரத்துக்குத் தென்கிழக்கே ஓடித் திர்ரேனியக் கடலில் கலக்கிறது. நகரம் தன்னோடு வைத்துக்கொள்ளத் தயங்கியவர்களுக்கு முற்காலத்தில் கிடைத்த இடம் இந்த ஆற்றுப்பக்கம்தான். 11ஆம் நூற்றாண்டில் நோர்மானியர் இங்கே எழுப்பிய புனித யோவான் தேவாலயத்தோடு 12ஆம் நூற்றாண்டில் தொழுநோயாளர் விடுதி ஒன்று சேர்ந்தது. அன்றிலிருந்து அது ‘தொழுநோயாளரின் யோவான் கோயில்’ என்றே வழங்குகிறது. அதற்குச் சற்று அப்பால், மரண தண்டனை பெற்றோரின் உடல்கள் புதைக்கப்பட்ட இடமும், ‘தலை வெட்டுண்டோரின் ஆன்மாக்கள்’ பெயரில் ஒரு சிறு கோயிலும் உண்டு.

இந்தச் சிறு கோயிலில்தான் வியப்பான ஒன்று நடந்தது. பலெர்மோவின் எளிய மக்கள், குற்றவாளிகள் என்று கொல்லப்பட்டவர்களிடமே வேண்டிக்கொள்ள வந்தார்கள். வழிப்போக்கரைக் கொள்ளையர் தாக்கினால் இந்த ஆன்மாக்கள் துணைக்கு வரும் என்று நம்பினார்கள். 19ஆம் நூற்றாண்டில் சிசிலியின் நாட்டார் வழக்குகளைத் திரட்டிய மருத்துவர் ஜுசெப்பே பித்ரே இந்த வழிபாட்டை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்.

இந்த நம்பிக்கைக்கு ஒரு பின்னணி உண்டு. 1541இல் பலெர்மோவில் தொடங்கிய வெள்ளாடைச் சகோதரர் சபையினர், தூக்குக்குச் செல்பவரோடு கடைசி மூன்று நாள்களும் கூடவே தங்கினார்கள். அவர் மனம் திரும்பி அமைதியோடு சாக உதவினார்கள். நீதிமன்றம் செயலை அளந்தது. மக்களோ அந்தக் கடைசி நாள்களில் மனிதர் மாறியிருக்கக்கூடும் என்பதற்கு இடம் வைத்தார்கள். ஒருவருடைய ஆகக் கெட்ட செயலே அவருடைய முழு வாழ்வு ஆகிவிடாது என்ற உண்மையை, எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் மெழுகுவர்த்தி ஏற்றிச் சொன்னார்கள்.

அதே ‘தலை வெட்டுண்டோர்’ பெயரைத் தாங்கிய தெருவில் இன்று வீடற்றோர் வாழ்கிறார்கள். அவர்களுக்கு அங்கே இடம் அமைத்தவர் பியாஜோ கொந்தே. 1963இல் பலெர்மோவில் கட்டட ஒப்பந்தக் குடும்பம் ஒன்றில் பிறந்த அவர், 1990இல் வசதியான வாழ்க்கையை விட்டு வெளியேறி, சிசிலியின் உள்நாட்டு மலைகளில் தனித்திருந்தார். பிறகு இத்தாலியின் அசிசி நகர் வரை நடந்தே போனார். ஆப்பிரிக்காவுக்கு ஊழியம் செய்யப் போகுமுன் வீட்டாரிடம் விடைபெறத் திரும்பியவரை, பலெர்மோ மத்திய ரயில் நிலையத்தில் படுத்துக் கிடந்தவர்களின் நிலை தடுத்துவிட்டது. அவர் அவர்களோடேயே தங்கினார். 1993இல் ‘நம்பிக்கையும் அன்பும்’ என்ற பொருள்படும் பெயரில் தம் இல்லத்தைத் தொடங்கினார். பின்னாளில் அது ‘தலை வெட்டுண்டோர்’ தெருவிலிருந்த பழைய விமானப்படைக் குடியிருப்பு ஒன்றிலும் பரவியது. குடியால் வீழ்ந்தவர், சிறையிலிருந்து வந்தவர், கடல் தாண்டி வந்த அகதி என எல்லோரும் அங்கே சேர்க்கப்பட்டனர். கொந்தே 2023 ஜனவரியில் காலமானார்.

அவருடைய முறையில் கவனிக்கவேண்டியது, கேள்விகளின் வரிசை. ‘ஏன் இப்படி ஆனாய்?’ என்பது தீர்ப்பின் கேள்வி. ‘சாப்பிட்டாயா?’ என்பது அன்பின் கேள்வி. இரண்டாவதை முதலில் கேட்டால், முதல் கேள்விக்கான பதிலை அந்த மனிதரே ஒருநாள் தாமாகச் சொல்வார்.

தீர்ப்பை ஒத்திவைப்பது தவற்றுக்குத் துணைபோவது ஆகாது. ஆற்றுக்கு மறுபுறம் உள்ள பிரங்காச்சோ பகுதியின் பங்குக் குரு பினோ புலீசி இதைத் தெளிவாக வாழ்ந்து காட்டினார். மாஃபியாவின் பிடியில் இருந்த பகுதி அது. திருவிழாவுக்கு அவர்கள் கொடுத்த பணத்தை அவர் ஏற்கவில்லை. பிள்ளைகளைத் தெருவிலிருந்து மீட்க 1993 ஜனவரியில் ஒரு மையம் திறந்தார். ஆனால் பிரசங்க மேடையிலிருந்து அதே மாஃபியா ஆட்களை, வந்து பேசுங்கள், உங்கள் மனத்தை அறிய விரும்புகிறேன் என்று அழைத்தார். அந்த ஆண்டு செப்டம்பர் 15ஆம் தேதி, தம் 56ஆம் பிறந்தநாளில், வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் தன்னைப் பார்த்துப் புன்னகைத்ததைச் சுட்டவரே பின்னர் வாக்குமூலத்தில் சொன்னார். அந்தப் புன்னகையைத் தன்னால் மறக்க முடியவில்லை என்றார். செயலுக்கு ‘இல்லை’ என்றும் மனிதருக்கு ‘வா’ என்றும் ஒரே வாயால் சொல்ல முடியும் என்பதை அந்த வாழ்வு காட்டியது. 2013இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரை அருளாளராக அறிவித்தது.

தமிழருக்கு இந்த நெறி அந்நியமானதல்ல. 1867இல் வடலூரில் வள்ளலார் தொடங்கிய தருமசாலையில், வந்தவரின் சாதியும் மதமும் கேட்கப்படாமல் இன்றும் சோறு போடப்படுகிறது. போருக்குத் தப்பி 1980கள் முதல் பலெர்மோவில் குடியேறிய ஈழத்தமிழர்களுக்கும் அப்படியான வரவேற்பு ஒன்று கிடைத்தது. நகரின் காவல் புனிதை ரொசாலியாவின் குகைக் கோயிலுக்கு, பெல்லெகிரினோ மலையேறிப் போவோரில் தமிழ் இந்துக்களும் பலர். அங்கே வேண்டிக்கொள்ள மதச்சான்று தேவைப்படவில்லை.

அன்றாட வாழ்வில் இதைப் பழகப் பெரிய துறவு வேண்டியதில்லை. புதிதாக வந்தவரைப் பற்றிப் பிறர் சொன்ன கதையை ஓரமாக வைக்கலாம். பதில் சொல்ல அவசரப்படாமல் கேட்கலாம். தவறு தெரிந்தால் மறைக்காமல், ஆனால் இழிவுபடுத்தாமல் சொல்லலாம். குழந்தையின் திறந்த மனம் அறியாமையால் வருவது. வளர்ந்தவரின் திறந்த மனம் எல்லாம் அறிந்த பிறகும் கதவைச் சாத்தாமல் இருப்பது. பின்னதுதான் கடினம். அதனாலேயே அது பண்பு எனப்படுகிறது.