இழப்பீடும் பொறுப்பும்: மெக்சிகோ வளைகுடா எண்ணெய்க் கசிவை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

தீங்கு செய்தவர் அதற்கு விடை கூறவேண்டும் என்பது எல்லாச் சமுதாயங்களும் ஏற்றுக்கொண்ட அறமாகும். தீங்கிழைத்தது ஒரு வணிக நிறுவனமாக இருப்பின், விடை கூறவேண்டியவர் யார் என்னும் வினா எழுகிறது. நிறுவனத்தைச் சட்டம் ஓர் ஆளாகக் கருதுகிறது. ஆயின் அவ்வாளுக்குச் சிறையிடத்தக்க உடலும் இல்லை. வருந்தத்தக்க உள்ளமும் இல்லை. 2010ஆம் ஆண்டு மெக்சிகோ வளைகுடாவில் நிகழ்ந்த எண்ணெய்க் கசிவையும் அதனைத் தொடர்ந்த வழக்குகளையும் சான்றாகக் கொண்டு, இழப்பீடு செலுத்துவதால் பொறுப்பு நிறைவுறுமா என ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிகழ்வும் தீர்ப்பும்

அமெரிக்காவின் லூசியானா கடற்கரைக்கு அப்பால், ஏறத்தாழ 1,500 மீட்டர் ஆழமுடைய கடற்பகுதியில், பி.பி. நிறுவனம் மக்காண்டோ என்னும் எண்ணெய்க் கிணற்றைத் தோண்டி வந்தது. டீப்வாட்டர் ஹொரைசன் எனும் துளையிடு மேடை டிரான்சோசன் நிறுவனத்திற்கு உரியது. கிணற்றுக்குச் சிமெண்டு இட்டது ஹாலிபர்ட்டன் நிறுவனம். 2010 ஏப்ரல் 20 அன்று மேடை வெடித்துத் தீப்பற்றியது. தொழிலாளர் 11 பேர் மாண்டனர். ஜூலை 15 அன்று கிணறு அடைக்கப்படும்வரை 87 நாள்கள் எண்ணெய் பீறிட்டது. கிணற்றிலிருந்து வெளியேறியது 49 இலட்சம் பீப்பாய் என அரசு மதிப்பிட்டது. கடலில் கலந்தது 31.9 இலட்சம் பீப்பாய் என 2015இல் நீதிமன்றம் முடிவு செய்தது.

பி.பி. நிறுவனத்தின் செயல் கடும் கவனக்குறைவு என 2014இல் தீர்ப்பளிக்கப்பட்டது. தவறு பி.பி.க்கு 67 விழுக்காடு, டிரான்சோசனுக்கு 30 விழுக்காடு, ஹாலிபர்ட்டனுக்கு 3 விழுக்காடு எனப் பகுக்கப்பட்டது. அரசுகளுக்கு 2,080 கோடி டாலர் வழங்க பி.பி. இசைந்த உடன்பாட்டை 2016இல் நீதிமன்றம் ஏற்றது.

இழப்பீட்டின் தேவை

இத்தொகையைச் சிறிதென ஒதுக்குதல் பொருந்தாது. பிழைப்பிழந்த மீனவர்க்கு முதலில் வேண்டுவது பொருளுதவியே. மேற்கண்ட உடன்பாட்டில் 880 கோடி டாலர் வரை இயற்கை வளங்களை மீட்பதற்கென ஒதுக்கப்பட்டமை, வழக்காட இயலாத கடலுக்கும் சதுப்பு நிலத்திற்கும் உரிமையுண்டு என்னும் கருத்தை ஏற்பதாகும்.

எனினும் இழப்பீடு தானே நிலைபெறுவதன்று. 1989இல் அலாஸ்காவில் எக்சான் வால்டீஸ் கப்பல் எண்ணெய் சிந்தியது. 1994இல் நடுவர் குழு விதித்த தண்டனை இழப்பீடு 500 கோடி டாலர். 2008இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதனை 50.75 கோடியாகக் குறைத்தது. இறுதித் தொகை முடிவாக 19 ஆண்டுகள் கடந்தன. நீண்ட வழக்கைத் தாங்கும் வலிமை நிறுவனத்திற்கு உண்டு. மீனவர்க்கு அது அரிது.

பங்கிடப்பட்ட தவறு

67, 30, 3 என்னும் பகுப்பு பொருட்சுமையைப் பங்கிடப் பயன்படும். அறநோக்கில் இப்பகுப்பு ஐயத்திற்குரியது. விபத்து நாளில் நடந்த அழுத்தச் சோதனையில், கிணறு முறையாக மூடப்படவில்லை என்பதற்கான அறிகுறி தென்பட்டது. அது தவறாகப் பொருள்கொள்ளப்பட்டு, சோதனை வெற்றி எனக் கருதப்பட்டது. அவ்வேளையில் முடிவெடுக்கும் நிலையிலிருந்த எவரேனும் ஒருவர் பணியை நிறுத்தியிருப்பின் அழிவைத் தவிர்த்திருக்கக்கூடும். தடுக்கக்கூடிய நிலையில் இருந்த ஒவ்வொருவரும் முழுமைக்கும் விடை கூறக் கடமைப்பட்டவர் ஆவர்.

சிலப்பதிகாரத்தில் கோவலன் கொலைக்குப் பொறுப்பானவர் பலர். பொய் கூறியவன் பொற்கொல்லன், வாளெறிந்தவன் காவலன், ஆராயாது ஆணையிட்டவன் பாண்டியன். பாண்டியன் தன் பங்கு எவ்வளவு எனக் கணக்கிடவில்லை. பழியைப் பிறர்மீது சுமத்தவும் இல்லை. தன் ஆணையின் விளைவு முழுவதையும் தனதாக ஏற்றான். இழப்பு பங்கிடத்தக்கது, பொறுப்போ பங்கிடுவதால் குறைவதன்று.

உண்மை கூறும் கடமை

பாண்டியன் செயலில் மற்றொரு கூறும் உண்டு. தனக்கு எதிரான சான்றாக அமையக்கூடிய சிலம்பை அவனே வரவழைத்துக் கண்ணகிமுன் வைத்தான். மெக்சிகோ வளைகுடாவில் நிகழ்ந்தது இதற்கு மாறானது. கிணற்றிலிருந்து வெளியேறிய எண்ணெயின் அளவு குறித்து நாடாளுமன்றத்திற்குத் தவறான தகவல் அளித்த குற்றத்தை பி.பி. நிறுவனம் 2012இல் ஒப்புக்கொண்டது. அமெரிக்கத் தூய நீர்ச் சட்டத்தின்படி தண்டம் பீப்பாய்க் கணக்கில் விதிக்கப்படுவது. அன்றைய விதிப்படி பீப்பாய்க்கு 1,100 டாலர் வரையும், கடும் கவனக்குறைவு எனில் 4,300 டாலர் வரையும் தண்டம் விதிக்கலாம். எனவே எண்ணெயின் அளவு பற்றிய உண்மைக்கே ஒரு விலை அமைந்துவிடுகிறது. பொறுப்பைப் பணத்தால் மட்டுமே அளந்தால், உண்மையை மறைப்பது ஆதாயமாகிவிடும் என்பது இதனால் புலனாகிறது.

விடை கூறவேண்டியவர்

11 பேரின் மரணத்திற்குக் காரணமான குற்றத்தையும் பி.பி. 2012இல் ஒப்புக்கொண்டு, குற்ற வழக்கில் 400 கோடி டாலர் செலுத்த இசைந்தது. மேடையில் பணியாற்றிய மேற்பார்வையாளர் இருவர்மீது சுமத்தப்பட்ட மரணம் தொடர்பான குற்றச்சாட்டுகள் 2015இல் கைவிடப்பட்டன. இந்நிகழ்வுக்காக எவரும் சிறை செல்லவில்லை.

அவ்விருவரும் சிறை சென்றிருப்பின் நீதி நிறைவுற்றிருக்குமா எனின், இல்லை என்றே கூறவேண்டும். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் அமைத்த ஆணையம் 2011இல் அளித்த அறிக்கை, விபத்தின் வேர் நிருவாகக் குறைபாடுகளில் உள்ளது எனச் சுட்டியது. கடைநிலையில் நின்றவரைத் தண்டித்து மேல்நிலையில் இருந்தவரை விடுவிப்பது காவலனைத் தண்டித்து மன்னனை விடுவிப்பதை ஒக்கும்.

தண்டம் நிறுவனத்தின் கருவூலத்திலிருந்து செல்கிறது. முடிவெடுத்தவர் தம் கைப்பொருளிலிருந்து அதனைத் தருவதில்லை. பெரியபுராணம் கூறும் மனுநீதிச் சோழன் வரலாறு இங்கு எண்ணத்தக்கது. கன்றின் இறப்புக்குக் கழுவாய் செய்தால் போதும் என அமைச்சர் கூறியதை மன்னன் ஏற்கவில்லை. ஏனையோர்க்கு ஒரு நீதி, தன் மகனுக்கு ஒரு நீதி என்பதை அவன் மறுத்தான். அவன் விதித்த தண்டனை இக்காலத்திற்கு உரியதன்று. அதன் அடிப்படையான நடுநிலை எக்காலத்திற்கும் உரியது. கழுவாய் செலுத்தும் வசதி படைத்தவர்க்குக் குற்றம் ஒரு செலவினமாக மாறிவிடக் கூடாது என்பதே அந்நடுநிலை.

முடிவுரை

இழப்பீடு என்பது பாதிக்கப்பட்டவரை நோக்கிய கடமை. பொறுப்பு என்பது செய்தவர் தம் செயலை ஏற்பது. முன்னது பின்னதற்கு ஈடாகாது. கருவிகளையும் சோதனைகளையும் போலவே பாதுகாப்புக்கு விடை கூறவேண்டிய உயர் பதவியாளர் யார் என்பதும் கிணறு தோண்டத் தொடங்குமுன்னரே வரையறுக்கப்பட வேண்டும். கசிவின் அளவை அறிவிக்கும் உரிமை கசியவிட்ட நிறுவனத்திடம் மட்டும் இருத்தல் கூடாது. நிறுவனம் செலுத்தும் தொகை எத்துணைப் பெரிதாயினும், முடிவெடுத்தவர் எவரும் விடை கூறாதவரை, மாண்ட 11 பேருக்குரிய அறக்கடன் தீராது நிற்கிறது எனலாம்.