குரலின் வகையும் குரலுக்கு உரியவரும்

உதகமண்டலத்தில் 1830இல் அர்ப்பணம் செய்யப்பட்ட புனித ஸ்டீபன் ஆலயம் முதலாக, நீலகிரியில் ஆங்கிலேயர் எழுப்பிய ஆலயங்களின் வழியே மலைக்கு வந்த நாற்குரல் முறை, பாடும் பெண்களை சொப்ரானோ, ஆல்டோ என்றும் ஆண்களை டெனர், பேஸ் என்றும் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் தனி மெட்டு வகுத்துக் கொடுக்கிறது. அதே மலையின் தேயிலைத் தோட்ட லயங்களில் நடக்கும் மார்கழி பஜனையிலும், தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) மரபில் வந்த கீர்த்தனைகளைப் பாடும் சபைகளிலும் இப்பிரிவினை கிடையாது. எல்லோருக்கும் மெட்டு ஒன்றே, ஆண்கள் ஒரு ஸ்தாயி கீழே நிற்பார்கள். இவ்விரு முறைகளுக்கும் அடியில் கிடப்பது ஒரு தத்துவ வினா: குரலின் வகை மனிதரிடம் இயல்பாக உள்ளதா, வழிபாட்டின் தேவைக்காக அவர்மேல் ஏற்றப்படுவதா?

ஒருவர் எட்டக்கூடிய மிகத் தாழ்ந்த சுரத்துக்கும் மிக உயர்ந்த சுரத்துக்கும் இடைப்பட்ட பரப்பு அவருடைய குரல்வீச்சு எனப்படும். குரல்நாண்களின் நீளமும் தடிப்பும் இதற்கு அடிப்படை. நீண்டு தடித்த நாண்கள் மெதுவாக அதிர்வதால் குரல் தாழ்கிறது. எனினும் வீச்சு மட்டும் வகையைத் தீர்மானிப்பதில்லை. தொண்டை வருந்தாமல் நெடுநேரம் நின்று பாட இயலும் பகுதி, குரலின் நிறம், நெஞ்சுக்குரல் தலைக்குரலாக மாறும் இடம் ஆகியவையும் சேர்ந்தே அதை முடிவுசெய்வதால், ஏறத்தாழ ஒரே வீச்சுடைய இருவர் வெவ்வேறு வகையில் அமையக்கூடும். பெரும்பாலோரின் குரலோ நடுத்தரமானது. பெண்களில் அதை மெஸ்ஸோ என்றும் ஆண்களில் பாரிடோன் என்றும் அழைப்பர். நான்காக வகுத்த ஏட்டில் இப்பெரும்பான்மையினருக்கென ஒரு வரிகூட இல்லை என்பது சிந்திக்கத்தக்கது.

வகையின் இயல்பு பற்றிய அவ்வினாவுக்குத் தத்துவ மரபில் எதிரெதிர் விடைகள் உண்டு. பலவற்றில் ஒன்றாய் உறையும் பொதுத்தன்மையை வைசேஷிகத் தத்துவவாதிகள் சாமானியம் என்று பெயரிட்டு, அது மெய்யாகவே உள்ள பொருள் என்றனர். காஞ்சியை அடுத்த ஊரில் பிறந்தவராக மரபு கூறும் பௌத்த அறிஞர் திக்நாகர் இதை மறுத்து, ஒரு பெயர் பிறவற்றை விலக்குவதன் வாயிலாகவே தன் பொருளைச் சுட்டுகிறது என்று வாதிட்டார். பாடற்குழுக்களின் நடைமுறை திக்நாகர் பக்கமே சாய்கிறது. மேல்சுரங்களை எட்டாத பெண்ணை ஆல்டோவில் நிறுத்தும்போது, அவரிடம் ஆல்டோத்தன்மை ஒன்று கண்டறியப்படவில்லை. அவர் சொப்ரானோ அல்லர் என்பதே கண்டறியப்படுகிறது. சிறுவர்களின் நிலை இதை இன்னும் தெளிவாக்கும். 1858இல் தோன்றி இன்று லவ்டேலில் உள்ள லாரன்ஸ் பள்ளியைப் போன்ற உறைவிடப் பள்ளிகள் நிறைந்த மலை இது. அத்தகைய பள்ளியொன்றில் சொப்ரானோ வரியைப் பாடிய சிறுவன், மகரக்கட்டு உடைந்து குரல்வளை வளர்ந்ததும் ஒரு ஸ்தாயி அளவுக்கு இறங்கி, பேஸ் வரிசையில் போய் நிற்கக்கூடும். வகை அவனது இயல்பின் சாரமாக இருந்திருந்தால், இரண்டொரு ஆண்டில் அவன் வேறொருவனாகியிருக்க வேண்டும்.

இதற்கு மாறாக, கர்நாடக இசை வகையிலிருந்து அல்லாமல் ஆளிலிருந்து தொடங்குகிறது. மந்தரம், மத்தியம், தாரம் என்னும் மூன்று ஸ்தாயிகளும் பாடுபவர் தமக்கென வைத்துக்கொண்ட ஆதார ஷட்ஜத்திலிருந்தே அளக்கப்படுகின்றன. பாடகர் எம்.டி. ராமநாதன் (1923–1984) தம் கனத்த குரலுக்கேற்ப மிகத் தாழ்ந்த சுருதியில் விளம்பமாகப் பாடியதே அவரது பெருமையாயிற்று. தனியொருவர் இறைவன் முன் நின்று பாடுவதற்கு இதைவிட நேர்மையான முறை இல்லை. ஆனால் கூட்டுவழிபாட்டில் இதே முறை பலரை வெளியே நிறுத்திவிடுகிறது. ஆர்மோனியத்தில் ஆதார சுருதியை ஒரு கட்டையில் வைத்து ஆண் பாடகர் தொடங்கினால், ஐந்து கட்டைச் சுருதிக்குப் பழகிய பெண்கள் ஒன்று மந்தரத்தில் ஒலியிழக்க வேண்டும், அல்லது ஒரு ஸ்தாயி மேலே சென்று அனுபல்லவியில் திணற வேண்டும். நாற்குரல் முறையின் அறம் இங்கேதான் புலப்படுகிறது. மனித இயல்பை விளக்கும் கொள்கையாக அது குறையுடையதே. எனினும் எட்டாத சுரத்துக்காக எவரும் வாய்மூடி நிற்க நேராதபடி, தாழ்ந்த குரலுக்கும் பாட்டில் ஓர் இடத்தை அது முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறது.