விழுந்தவனுக்கு நாம் பட்ட கடன்



சைக்கிள் ஓட்டுவோர் சிலர் ஒரு கூட்டமாகச் சேர்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் ஒருவன் விழுந்து காலை முறித்துக்கொள்கிறான். மற்றவர்கள் தங்களுக்குள் பணம் திரட்டி அவன் வீட்டாரிடம் சேர்ப்பிக்கிறார்கள். இச்செயலுக்கு என்ன பெயர்? தர்மம் என்பீர்கள். தர்மம்தானா, அல்லது அதைவிடக் கண்டிப்பான வேறொன்றா என்று இந்த வாரம் சற்று ஆராய்வோம்.

1995-ஆம் ஆண்டு ஜூலை 18-ஆம் நாள், பிரான்சு தேசத்தைச் சுற்றிவரும் பேர்பெற்ற சைக்கிள் பந்தயத்தில், மலையிறக்கம் ஒன்றில் சில வீரர்கள் விழுந்தார்கள். அவர்களில் ஃபாபியோ கசார்டெல்லி என்ற இத்தாலியர் உயிரிழந்தார். வயது 24. மூன்று ஆண்டுகளுக்கு முன் பார்சிலோனா ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் பெற்றவர். இளம் மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுச் சென்றார். மறுநாள் எவரும் எவரையும் முந்தவில்லை. எல்லோரும் ஒன்றாக மெல்ல ஓட்டிச் சென்று, கடைசியில் அவருடைய குழுவினரை முன்னே போகவிட்டனர். அன்றைய பரிசுப் பணம் முழுவதும் அந்தக் குடும்பத்துக்குக் கொடுக்கப்பட்டது. உருக்குலைந்த அவருடைய சைக்கிள் இத்தாலியிலுள்ள கீசல்லோ மாதா கோவிலில் இருக்கிறது. 1949-ல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் சைக்கிள் ஓட்டுவோருக்குப் பாதுகாவலியாக அறிவித்தது அந்த மாதாவையே.

முந்தின நாள்வரை ஒருவரையொருவர் தோற்கடிக்கப் பாடுபட்டவர்கள் ஏன் அப்படிச் செய்தார்கள்? எல்லோரும் ஒரே சரிவில் இறங்கினவர்கள். விழுந்தவர் நானாக இருந்திருக்கலாம் என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். ஆபத்து பொதுவாயிருந்தது, அடி மாத்திரம் ஒருவர்மேல் விழுந்தது. அப்படியானால், தப்பினவர் கொடுப்பது பிச்சையன்று, கடன்.

நம் ஊருக்கு வருவோம். ஏலகிரிக்கு ஏறும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. விளையாட்டாகவும் உடற்பயிற்சியாகவும் அதில் ஏறுகிறவர்களுக்குத் தலைக்கவசம் உண்டு, கூட வரும் தோழர்களும் உண்டு. ஆனால் ஜவ்வாது மலையடிவாரத்தில் விடியுமுன் பால் கேனைக் கட்டிக்கொண்டு சைக்கிள் மிதிக்கிறவனுக்குச் சங்கம் ஏது? அவன் விழுந்தால் பணம் திரட்டுவது யார்?

சட்டம் சிறிது தூரம் துணை வருகிறது. மோட்டார் வண்டிக்குக் காப்பீடு கட்டாயம். ஆகையால் லாரி மோதினால் இழப்பீடு கேட்கலாம். மோதிய வண்டி எதுவென்று தெரியாமற்போனால், 2022 முதல் நடைமுறையிலுள்ள மத்திய அரசின் திட்டப்படி பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய் உண்டு. பள்ளத்தில் சக்கரம் இறங்கித் தானாகவே விழுந்தவனோ யாரிடம் கேட்பான்? நமது மாநில அரசு 2021-ல் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. மிக நல்ல காரியம். ஆனால் தொடை எலும்பு கூடுவதற்கு மாதக் கணக்காகும். அத்தனை நாளும் கூலியில்லை. வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும்?

“அவன் அஜாக்கிரதையாய் ஓட்டினான், அனுபவிக்கட்டும்” என்பார் உண்டு. குற்றத்தை விசாரிக்க வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஆனால் அவனுடைய பிள்ளைகள் எந்த வளைவில் வேகமாய்ப் போனார்கள்? முதலில் அரிசி போகட்டும். புத்திமதி பின்னால் போகலாம்.

வேறு சிலர், “நமக்கு ஒன்று வந்தால் அவன் செய்வானா?” என்று கேட்பார்கள். இது மொய்க் கணக்கு. கலியாண வீட்டில் நோட்டுப் போட்டு, ஊரும் பேரும் தொகையும் எழுதி வைக்கிறோம். திரும்ப வருமென்றுதான் வைக்கிறோம். அது தவறன்று, ஏழைக் குடும்பங்கள் பல அதனாலேயே தலைநிமிர்ந்திருக்கின்றன. ஆனால் படுக்கையில் கிடப்பவனுக்கு மொய் நோட்டு உதவாது. திருப்பிச் செய்யச் சக்தியுள்ளவனையே அது தேடும்.

எரிக்கோவுக்கு இறங்கும் சாலையில் அடிபட்டுக் கிடந்தவனை எண்ணிப்பாருங்கள். அவனைத் தூக்கின சமாரியன் அவனுடைய இனத்தானுமல்ல, சங்கத்தானுமல்ல. காயம் கட்டியதோடு நின்றானா? சத்திரக்காரனிடம் பணம் கொடுத்து, மேற்கொண்டு ஆகும் செலவைத் திரும்பி வரும்போது தருவதாகப் பொறுப்பேற்றான். நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டம்கூட, 2019-ல் செய்த திருத்தத்தில், நல்லெண்ணத்தோடு உதவுகிறவருக்கு அவன் பெயரையே வைத்துப் பாதுகாப்புக் கொடுத்திருக்கிறது. ஆதலால் போலீசுக்குப் பயந்து ஒதுங்கிப் போகவும் இனிக் காரணமில்லை. ஒரே சாலையில் போகிறவர் அனைவரும் ஒரே கூட்டம் என்பதுதான் இதன் பொருள்.

ஆகையால், உங்கள் தெருவில் ஒருவர் விழுந்தால் முதல் நாள் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். நாலைந்து குடும்பங்களாகச் சேர்ந்து, அவர் எழுந்து வேலைக்குப் போகும்வரை வாரந்தோறும் அந்த வீட்டுச் செலவில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளுங்கள். கொடுத்தவர் பெயரை எங்கும் வாசிக்க வேண்டாம். வாங்குகிறவர் தலைகுனிய வேண்டாம். கடனைத் தீர்க்கிறவன் அதற்காகப் புகழ்ச்சியை எதிர்பார்ப்பதில்லையன்றோ?

உங்கள் பங்குக் குரு