காபி குடிக்க வந்த கடவுள்

அஞ்சுவதற்குரிய ஒன்றைப் பார்த்துச் சிரித்தால் அதன்மேல் உள்ள நம்பிக்கை போய்விடுமா? தமிழில் இந்தக் கேள்வி பழையது. தொல்காப்பியம் உணர்வு வெளிப்பாடுகளான எட்டு மெய்ப்பாடுகளில் நகையையும் அச்சத்தையும் வேறாக வைத்தது. அச்சம் பிறக்கும் நான்கு இடங்களில் முதலாவதாக அது சொல்வது அணங்கு என்னும் வருத்தும் தெய்வத்தை. ஆனால் கலிங்கத்துப்பரணியில் இரண்டும் ஒன்றாகவே வருகின்றன. பசியில் வாடிய பேய்கள் போர்க்களத்துப் பிணங்களைக் கொண்டு கூழ் அட்டு, வரிசையாக உட்கார்ந்து உண்கின்றன. கேட்பவருக்கு அருவருப்போடு சிரிப்பும் வருகிறது. அங்கே யாரும் பேய் உண்டா என்று கேட்பதில்லை. காளியும் அவள் பேய்களும் உண்டு என்ற உறுதியின்மேல் நின்றுதான் பரணியைப் பாடிய செயங்கொண்டார் சிரிக்க வைக்கிறார்.

சிறுகதை எழுத்தாளர் புதுமைப்பித்தன் காலத்தில் அந்த உறுதி ஆட்டம் கண்டுவிட்டது. 1943இல் வெளியான அவருடைய ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் கடவுள் சென்னைத் தெருவில் வழி கேட்டு நிற்கிறார். சித்த வைத்தியப் பத்திரிகை நடத்தும் கந்தசாமிப் பிள்ளை அவரை ஹோட்டலுக்கு அழைத்துப்போய் அவரோடு காபி குடிக்கிறார், பத்திரிகைக்குச் சந்தா சேர்க்கவும் பார்க்கிறார். ஆயுள் சந்தா என்றதும், யாருடைய ஆயுள் என்ற ஐயம் எழுகிறது. சாவில்லாதவரிடம் ஆயுள் சந்தா வாங்குவது எப்படி? வேடிக்கைக்குள் கடினமான தத்துவச் சிக்கல் இருக்கிறது. காலமற்றவர் காலத்துக்குள் வந்தால், காலத்தின் கணக்குகள் அவருக்குப் பொருந்துமா?

கதை கடவுளை மறுப்பதாகப் படிப்பது சரியன்று. பிள்ளையின் குழந்தை வள்ளி அவரோடு தயக்கமில்லாமல் விளையாடுகிறாள். இடர்ப்படுவது பெரியவர்களின் உலகம்தான். தம்மால் எட்ட நின்று வரம் கொடுக்க முடியுமே தவிர, மனிதரோடு சேர்ந்து வாழ இயலாது என்று கடவுளே கண்டுகொள்கிறார். பெரியபுராணத்தில் இதற்கு நேர்மாறான காட்சி உண்டு. தோழர் சுந்தரருக்காகச் சிவபெருமான் நள்ளிரவில் அவர் மனைவி பரவையார் வீட்டுக்கு இருமுறை தூது நடக்கிறார். அன்றைய பக்தியில் கடவுள் நெருங்கி வர முடிந்தது, 1943இல் முடியவில்லை. கதையின் சிரிப்புக்கு அடியில் கிடக்கும் துயரம் இந்த இழப்புதான். புதுமைப்பித்தனின் ‘காலனும் கிழவியும்’ கதையில் எமனுக்கும் ஏறக்குறைய இதே கதி: உயிர் கொள்ள வந்தவன் ஒரு கிழவியின் பேச்சுக்கு ஈடுகொடுக்க மாட்டாமல் திரும்புகிறான்.

அவருடைய ‘காஞ்சனை’ இன்னும் இருண்டது. கதை சொல்பவன் எழுத்தாளன், பகலில் கிண்டல் பேசுபவன். இரவில் வீட்டுக்குள் துர்நாற்றமும் நறுமணமும் மாறி மாறி வீசுகின்றன; ஒரு பிச்சைக்காரியை மனைவி இரக்கப்பட்டு வீட்டில் சேர்த்துக்கொள்கிறாள். அவனுடைய அறிவு பேயை ஏற்கவில்லை, உடம்பு நடுங்குகிறது. அச்சத்துக்கு நம்பிக்கையின் அனுமதி தேவையில்லை என்பதை இதைவிடத் துல்லியமாகக் காட்டிய தமிழ்க் கதை அரிது. வந்தவள் பேயா பெண்ணா என்பதைக் கதை கடைசிவரை தீர்த்துச் சொல்வதில்லை.