பிள்ளைகளிடம் எதைச் சொல்வது?

குடும்பமாகச் சிறுவர் நாடகம் பார்த்துவிட்டு, யாழ்ப்பாணப் பொது நூலகத்தினுள் நுழைகின்றோம். 1981இல் இந்நூலகம் எரிக்கப்பட்டு, ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பரானதைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா? பிஞ்சு நெஞ்சில் நஞ்சை விதைக்கலாகாதெனக் கருதி, நம்மிற் பலர் வாய்மூடி விடுகின்றோம்.

ஆனால், சற்று முன்னர் நாடகத்தில் நாம் கண்டதென்ன? குழந்தை ம. சண்முகலிங்கம் போன்றோர் இம்மண்ணில் வளர்த்த சிறுவர் அரங்கிலே பிள்ளைகள் வாளாவிருப்பதில்லை. பதுங்கிவரும் நரியைக் கண்டதும், "முயலே, ஓடு!" என்று கூவி எழுகின்றனர். தீமையைக் கண்டு கண்ணை மூடாது, ஆபத்திலுள்ளவரின் பக்கம் நிற்கின்றனர். அத்தகையோரிடம் உண்மையை மறைப்பது அன்பன்று, நமது கோழைத்தனமே.

அதேவேளை, பாதி உண்மை பொய்யினும் கொடிது. எரித்தவர்களைப் பற்றிச் சொல்லும் நாவு, அச்செயலைக் கண்டித்த சிங்கள மக்களையும், நூலகத்தை மீளக் கட்டுவதற்கு நூலும் செங்கல்லும் சேர்த்தளித்தவர்களையும் சொல்லவேண்டும். நாம் கற்பிக்க வேண்டியது ஓர் இனத்தின்மீது வெறுப்பையன்று. நூலை எரிக்கும் கொடுமையின்மீது வெறுப்பையே.

இதனைச் சொன்னபின், பிள்ளையின் கையில் ஒரு நூலைக் கொடுப்போம். அடுத்த பிள்ளைக்கும் அது உரியதென்பதை உணர்ந்து, வாசித்து முடித்ததும் கசங்காமல் திருப்பி வைக்கப் பழக்குவோம்.